லைவில் விற்றுப் பார்சலில் அனுப்பும் தமிழ் வணிகர்களுக்கு, கம்போங் குவாந்தானிலிருந்து ஒரு மடல்

பேஸ்புக்கிலும் டிக்டாக்கிலும் லைவ் போட்டுச் சேலை, சுடிதார், வளையல், மசாலாப் பொடி, முறுக்கு, பூசைச் சாமான் என்று விற்கிற அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, இந்த மடல் உங்களுக்குத்தான். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடை வைத்துக்கொண்டு லைவிலும் வருகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டுக் கூடத்தில் விளக்கைப் பொருத்தி நின்றபடி விற்கிற குடும்பப் பெண்களும் படிக்க வேண்டும். உங்கள் உழைப்பை மதிக்கிறேன். நானும் கடை நடத்திப் பிழைக்கிறவன்.

கம்போங் குவாந்தான் சாலையோரம் என் மளிகைக் கடை. நீங்கள் அனுப்பும் பார்சல்கள் கடைசியாக வந்து நிற்கும் இடங்களில் அதுவும் ஒன்று. சுற்றியிருக்கும் தோட்டத்து லயங்களிலும் கம்பத்து வீடுகளிலும் இருப்பவர்கள் பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள். கூரியர் தம்பிகள் அவர்களுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு, பார்சலை என் கடையில் வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து வாங்கிக்கொள்வார்கள். வந்த பார்சல்களின் லேபில்களை நான் தினமும் படிக்கிறேன். வராத பார்சலுக்காகக் கடை வாசலில் வந்து நிற்கிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். உங்களுக்கு இந்த இரண்டுமே கண்ணில் படுவதில்லை. பணம் வந்தது தெரியும், பார்சல் போனது தெரியும். அதற்குப் பிறகு இங்கே என்ன நடக்கிறது என்பதை உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பார்சல் வரவில்லை என்று எங்கள் ஆள்கள் கேட்டால் நீங்கள் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். “போஸ்ட் பண்ணியாச்சு அக்கா, கூரியர்கிட்ட கேளுங்க.” இன்னும் கொஞ்சம் பேசினால், “உங்க ஏரியா ரொம்ப உள்ள இருக்கு, அதான் லேட்டாகுது.” இந்த இரண்டாவது பதில்தான் எனக்கு வலிக்கிறது. கம்போங் குவாந்தான் யாருக்கும் தெரியாத ஊர் இல்லை. சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் இருட்டிய பிறகு இங்கே வருகிறார்கள். வழி கேட்க ஆள் இல்லாத நேரத்தில், கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்பி வந்து சேர்கிறார்கள். ஈஜோக் வரைக்கும் லாத்தார் நெடுஞ்சாலை 2011லேயே திறந்தாகிவிட்டது. கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூருக்கு ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. தூரம் காரணமாக இருந்தால் எங்களுக்கு வரும் எல்லாப் பார்சலும் தாமதமாக வேண்டும். அப்படி ஆவதில்லை. ஒரே நாளில், ஒரே கூரியர் தம்பியின் வேனில், ஒரே லயத்துக்கு ஒரு பார்சல் வருகிறது, இன்னொன்று வருவதில்லை. அதற்கான காரணம் பெரும்பாலும் நீங்கள் ஒட்டுகிற லேபிலில் இருக்கிறது.

ஒரு பார்சலைப் பற்றிச் சொல்கிறேன். அனுப்பியவர் பெயரும் வாங்கியவர் பெயரும் வேண்டாம். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் இருக்கும் ஓர் அம்மா, மகளின் சடங்குக்கு லைவில் பட்டுச் சேலை எடுத்தார். பணத்தை அன்றைக்கே வங்கிக் கணக்கில் போட்டுவிட்டார். சடங்கு நாள் வந்தது, சேலை வரவில்லை. அந்தப் பெண் சித்தியின் சேலையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து அந்தப் பார்சல் என் கடைக்கு வந்தது. புது லேபிலைப் பழைய லேபிலின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். ஓரம் கிளம்பியிருந்ததால் அடியில் இருந்ததையும் படிக்க முடிந்தது. பெயர் சரி. போன் நம்பர் சரி. கம்போங் குவாந்தான் என்று இருந்ததும் சரி. அதற்குக் கீழேதான் ‘குவாந்தான், பகாங்’ என்றும், 25இல் தொடங்கும் ஒரு போஸ்கோடும் அச்சாகியிருந்தன.

எங்கள் ஊரிலிருந்து பகாங் குவாந்தான் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நாட்டின் மேற்குக் கரையில் இருப்பவர் வாங்கிய சேலை கிழக்குக் கரைக்குப் போய், அங்கே இல்லாத ஒரு தோட்டத்தைத் தேடி, ‘முகவரி இல்லை’ என்று விற்றவருக்கே திரும்பியிருக்கிறது. அந்த அம்மா தாம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை என்னிடம் காட்டினார். கோல சிலாங்கூர் என்று எழுதியிருக்கிறார், 45000 என்றும் எழுதியிருக்கிறார். விற்றவர் லேபில் அடிக்கும்போது ஊர் என்ற கட்டத்தில் குவாந்தான் என்று தட்டியிருக்கிறார். செயலி தானாகப் பகாங்கையும் அதற்குரிய போஸ்கோடையும் நிரப்பிவிட்டது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்சல் திரும்பிப் போனதும் அந்த அம்மாவுக்குக் கிடைத்த பதில், “அட்ரஸ் கரெக்டா குடுக்கணும்க்கா, திரும்ப அனுப்பணும்னா போஸ்டேஜ் கட்டுங்க.” அவர் கட்டினார். லயத்தில் இருக்கிற ஒரு பெண் இந்தச் சண்டையை யாரிடம் போட முடியும் என்று நினைத்தீர்கள்?

லேபில் அச்சானதிலிருந்து என்ன நடக்கிறது என்பதை உங்களில் பலர் யோசித்துப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பெரிய பிரிப்பு நிலையத்துக்குப் போகும் பார்சலில் உங்கள் கையெழுத்தையோ தோட்டத்தின் பெயரையோ யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. பட்டைக் குறியீட்டை இயந்திரம் படிக்கிறது. அந்தக் குறியீட்டுக்குப் பின்னால் இருப்பது நீங்கள் பதிந்த போஸ்கோடு. 45000 என்றால் கோல சிலாங்கூர்ப் பக்கம் போகும் கூண்டில் விழும். 25 என்று தொடங்கினால் குவாந்தான் லாரியில் ஏறும். ஒரு மனிதர் முகவரியை முழுதாகப் படிப்பது கடைசியில்தான், வேனில் ஏற்றிக்கொண்டு தெருவுக்கு வரும் தம்பி. அதற்குள் பார்சல் வேறு மாநிலத்தில் இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அங்கே நின்றுகொண்டு அவர் என்ன செய்ய முடியும்? ஆக, ஐந்து இலக்கம் தவறினால் அதற்குப் பிறகு எல்லாருமே சரியாக வேலை செய்தாலும் பார்சல் எங்களிடம் வராது.

எங்கள் வட்டாரத்தின் போஸ்கோடுகள் அதிகம் இல்லை. கோல சிலாங்கூர் 45000. பெஸ்தாரி ஜெயா 45600. புக்கிட் ரோத்தான் 45700. ஜெராம் 45800. தஞ்சோங் காராங் 45500. இதை ஒரு தாளில் எழுதி லேபில் அடிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தால் வட சிலாங்கூரில் உங்களுக்கு வரும் தொல்லையில் பெரும்பகுதி குறைந்துவிடும். பெஸ்தாரி ஜெயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2007 வரைக்கும் அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. எங்கள் பெரியவர்கள் இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்கள், அப்படித்தான் எழுதுகிறார்கள். உங்கள் செயலியில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லை என்றதும் உங்களில் சிலர் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். ரவாங் என்றும் சுங்கை பூலோ என்றும் லேபில் போட்ட பார்சல்களை நான் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பெயர் இன்னொரு தொல்லை. வாடிக்கையாளரின் பேஸ்புக் பெயரை அப்படியே லேபிலில் போட்டுவிடுகிறீர்கள். ‘ஸ்வீட் அம்மு’ என்று ஒரு பார்சல் வந்தது. எங்கள் லயங்களில் அந்தப் பெயரில் யாரையும் யாருக்கும் தெரியாது. தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. அதில் இருந்த போன் நம்பரும் பிரீபெய்ட் முடிந்துபோன பழைய நம்பர். அடையாள அட்டையில் இருக்கும் பெயரும், லயத்தில் கூப்பிடும் பெயரும் லேபிலில் இருந்தால் ஜாகாவே கை காட்டிவிடுவார். போன் விஷயத்தில் எங்கள் ஆள்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு. மோசடிக்காரர்களுக்குப் பயந்து தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பை எடுக்கமாட்டார்கள். கூரியர் தம்பியின் நம்பர் அவர்களுக்குத் தெரியாத நம்பர்தானே? இன்று பார்சல் வரும், தெரியாத நம்பர் வந்தால் எடுங்கள் என்று நீங்கள் ஒரு வாட்ஸ்அப் செய்தி தட்டிவிட்டால் அந்த அழைப்பை எடுப்பார்கள். கடையில் நான் அதைத்தான் அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆனால் அது விற்றவரிடமிருந்து வந்தால் அதற்கு இருக்கும் மதிப்பே வேறு.

வீட்டு எண்ணைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தாமான் வீடுகளுக்கு நகராண்மைக் கழகம் கொடுத்த எண் உண்டு, தெருப் பெயர்ப் பலகை உண்டு. லயத்து வீட்டுக்கு அப்படி இல்லை. எத்தனையோ குடும்பங்களுக்குத் தோட்டத்து ஆபீஸ் முகவரி ஒன்றுதான் முகவரி. ‘ராஜா மூசா தோட்டம்’, ‘ரிவர்சைட் தோட்டம்’ என்று மட்டும் எழுதினால், பல ஏக்கர் செம்பனைக்கு நடுவில் எந்த லயன், எந்தக் கதவு என்று கூரியர் தம்பி எப்படிக் கண்டுபிடிப்பார்? வாடிக்கையாளருக்குத் தம் வீடு தெரியும். அதனால் அவருக்கு ‘தோட்டம்’ என்று எழுதினாலே போதும் என்று தோன்றும். கேட்டு வாங்க வேண்டியவர் நீங்கள். கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது லயன், தமிழ்ப்பள்ளிக்கு எதிரே, பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குப் பக்கம் என்று ஓர் அடையாளம் கேளுங்கள். லேபிலில் குறிப்பு எழுதும் இடம் சும்மாதானே கிடக்கிறது?

செம்பனை இந்த நாட்டில் முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது எங்கள் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917இல். அந்தக் காலத்திலிருந்தே இந்தத் தோட்டங்களுக்குக் கடிதம் வந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து புறப்பட்ட கடிதத்தில் பெயரும் தோட்டத்தின் பெயரும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊரும் மட்டும் இருக்கும். கப்பலில் வந்து, தபால் பையில் ஏறி, ஆபீசுக்கு வந்து சேரும். யாருடைய கடிதம் எந்த லயனுக்கு என்று கிராணிக்குத் தெரியும். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஊரையே தெரிந்த ஒரு மனிதர் கடைசியில் இருந்தார், அதனால் குறைந்த முகவரி போதுமாக இருந்தது. இப்போது அந்தக் கிராணி இல்லை. பல தோட்டங்களில் ஆபீசே வேறு இடத்துக்குப் போய்விட்டது. நம்மவர்கள் பாதிப் பேர் வெளியேறித் தாமான்களுக்கும் கம்பங்களுக்கும் போய்விட்டார்கள். லயங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்து குடியிருக்கிறார்கள். மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மிஞாக், புக்கிட் தாகார் என்று ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பதைப் பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். இப்படி இடம் மாறுகிறவர்களின் பழைய முகவரி உங்கள் கைப்பேசியில் பதிந்தபடியே கிடக்கிறது. போன தீபாவளிக்கு வாங்கியவர்தானே என்று அதே லேபிலை மறுபடி அச்சடிக்கிறீர்கள். அவர் லயத்தைக் காலி செய்து போயிருப்பார்.

கூரியர் தம்பிகள் மேல் எல்லாப் பழியையும் போடுவதை நீங்கள் நிறுத்த வேண்டும். அவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள். எஸ்பிஎம் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர்கள். அநேகருக்கு மாதச் சம்பளம் இல்லை, கொண்டுபோய்ச் சேர்த்த பார்சலுக்கு இவ்வளவு என்று கணக்கு. தாமானில் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் பத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். தோட்டத்துக்குள் நுழைந்தால் செம்மண் சாலையில் போய்த் திரும்ப ஆகிற நேரத்துக்கு ஒரே ஒரு பார்சல். மழை பெய்திருந்தால் சேறு, குலை ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தால் ஒதுங்கவும் இடமில்லை. அவ்வளவு தூரம் போய்க் கதவு பூட்டியிருந்தால் அந்த நடைக்குக் கூலி கிடையாது. பெட்ரோல் அவர் காசு. இந்த நிலையில் ஒரு சிலர் தோட்டத்துக்குள் போகாமலேயே ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று பதிந்துவிடுவதும் உண்டு. அது தவறு, அதற்கு அவர்களுடைய மேலாளர்கள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் எந்தப் பார்சலுக்கு அப்படி நடக்கிறது என்று கவனித்திருக்கிறேன். அடையாளம் இல்லாத, போன் எடுக்காத, முகவரி அரைகுறையான பார்சலுக்குத்தான் பெரும்பாலும் நடக்கிறது. நேரமும் ஒரு காரணம். எங்கள் ஆள்கள் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவார்கள், தொழிற்சாலைப் பேருந்தில் போகிறவர்கள் ஷிப்டைப் பொறுத்துத் திரும்புவார்கள். பார்சல் வருவது காலை பத்து, பதினொரு மணிக்கு. யார் வாங்குவார், எங்கே வைக்கலாம் என்று நீங்கள் முன்கூட்டியே கேட்டு எழுதினால் அந்தத் தம்பிக்கு ஒரு நடை மிச்சம்.

ரொக்கம் கொடுத்து வாங்கும் பார்சலைத் தோட்டத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். பகலில் வீட்டில் இருப்பது வயதான பாட்டியும் சின்னப் பிள்ளைகளும். அவர்கள் கையில் பணம் இருக்காது. பார்சல் திரும்பத்தான் போகும்.

அடுத்தது, ‘போஸ்ட் பண்ணியாச்சு’ என்ற சொல். லேபிலை அச்சடித்தவுடனே டிராக்கிங் நம்பர் வந்துவிடுகிறது. அதை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு, சரக்குப் போய்விட்டது என்று சொல்கிறீர்கள். எங்கள் ஆள்கள் அந்த நம்பரை என்னிடம் கொண்டுவந்து பார்க்கச் சொல்கிறார்கள். பார்த்தால், அனுப்புகிறவர் விவரம் பதிந்திருக்கிறார் என்று மட்டும் இருக்கிறது. கூரியர் கையில் பார்சல் இன்னும் ஏறவே இல்லை. சில வேளைகளில் சரக்கே உங்கள் கையில் இல்லை. சூரத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ இனிமேல்தான் வர வேண்டும். சுங்கத்தில் நிற்கலாம், வரி கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முன்பதிவு எடுத்து விற்பதை யாரும் குறை சொல்லவில்லை. முன்பதிவு என்று சொல்லி விற்றுவிடுங்கள். கையில் இருக்கிற சேலை என்று நம்பித்தான் எங்கள் பெண்கள் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் நாள் பார்த்து வாங்குகிறார்கள்.

2025ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 20இல் வந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் 10.10 மலிவு விற்பனை. நாடு முழுக்க வாங்கிய செருப்பும் சட்டியும் கைப்பேசி உறையும் பிரிப்பு நிலையங்களில் மலையாகக் குவிந்த அதே நாள்களில்தான் நீங்கள் தீபாவளிச் சேலைகளைக் கூரியரில் போட்டீர்கள். அக்டோபரில் எங்கள் பக்கம் சாயங்காலமானால் இடி மின்னலோடு மழை கொட்டும். தோட்டத்துச் சாலைகளில் வேன் இறங்காது. தாமான்களுக்குப் போக வேண்டியதை முதலில் முடித்துவிட்டுத் தோட்டத்துக்கு உரியதை நாளைக்கு என்று ஒதுக்குவார்கள். அந்த நாளை மறுநாளாகும். 2021 டிசம்பர் 18இல் பெய்த மழையில் ஷா ஆலமும் கிள்ளானும் வெள்ளத்தில் நின்றபோது யாரும் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. அது இயற்கை. தீபாவளி வரும் தேதி அப்படி இல்லையே, ஆண்டின் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் அச்சாகிவிடுகிறது. கோலாலம்பூர் வாடிக்கையாளருக்கும் தோட்டத்து வாடிக்கையாளருக்கும் ஒரே கடைசித் தேதி வைத்து விற்பதை நிறுத்துங்கள். தோட்டத்துக்காரர் வாங்கினால் எப்போதைக்குள் பணம் கட்ட வேண்டும் என்று லைவிலேயே தனியாக அறிவியுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு ஒருவர் கேட்டால், தீபாவளிக்கு முன்னால் வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். ஒரு வியாபாரம் போனாலும் போகட்டும்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். பார்சல் தொலைந்தால் “கூரியர்கிட்ட கேளுங்க” என்று எங்களை அனுப்பிவிடுகிறீர்கள். கூரியர் நிறுவனத்துக்குப் பணம் கட்டியவர் நீங்கள். ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கிறது. இழப்பீட்டுக்கு விண்ணப்பம் போடச் சொன்னால் அனுப்பியவரைத்தான் அவர்கள் கேட்கிறார்கள், அனுப்பிய ரசீதைத்தான் கேட்கிறார்கள். அதற்கு ஒரு கெடுவும் வைத்திருக்கிறார்கள். லயத்தில் இருக்கும் ஓர் அம்மா வாடிக்கையாளர் சேவை நம்பருக்குப் போன் போட்டு, மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசும் இயந்திரக் குரலுக்கு எண்களை அழுத்திக் காத்திருந்து, கடைசியில் கேட்கும் பதில் ‘அனுப்பியவரைத் தொடர்புகொள்ளுங்கள்’. உங்களிடம் வந்தால் நீங்கள் கூரியரைக் காட்டுகிறீர்கள். பந்தைப் போல இரண்டு பக்கமும் அடிபடுகிறார். அதற்குள் கெடு முடிந்துபோகிறது. பெரிய வணிகத் தளங்களில் வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்தது என்று உறுதியாகும் வரை விற்றவருக்குப் பணம் போகாமல் தளமே வைத்திருக்கும். உங்கள் லைவில் அப்படி இல்லை. பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. எங்கள் ஆள்கள் அந்தப் பாதுகாப்பை விட்டுவிட்டு உங்களிடம் வாங்குவது, நீங்கள் தமிழில் பேசுகிறீர்கள், அக்கா என்று கூப்பிடுகிறீர்கள் என்ற நம்பிக்கையால். அந்த நம்பிக்கை விற்கும்போது மட்டும் உதவினால் போதுமா?

சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது என்பது எங்கள் ஆள்களுக்கும் மெதுவாகத் தெரிய வந்துகொண்டிருக்கிறது. 2012ஆம் ஆண்டு அஞ்சல் சேவைச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றுத்தான் கூரியர் நிறுவனங்கள் இயங்குகின்றன. அவற்றின் மேல் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். விற்றவர் மேல் என்றால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம். இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. நூறு வெள்ளிச் சேலைக்காக நம்மவர் ஒருவரை நம்மவர் ஒருவர் நடுவர் மன்றத்துக்கு இழுப்பதை நான் பார்க்க விரும்பவில்லை. என்னிடம் வந்து கேட்கிறவர்களிடம் முதலில் விற்றவரிடம் பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் போனை எடுத்துப் பேசினால் அவர்களுக்கு மன்றம் வேண்டியிருக்காது.

2021இல் அரசாங்கம் அறிவித்த கூரியர்த் திட்டத்தில், ஆண்டுக்கு ஒருவருக்கு 14 பார்சல் என்று 2020இல் இருந்த கணக்கை 2025க்குள் 30 ஆக்குவது இலக்காக இருந்தது. பார்சலைக் கொடுக்கவும் எடுக்கவும் ஊருக்கு ஊர் இடங்கள் அமைப்பதும் அதில் சேர்த்தி. நகரத்தில் எண்ணெய் நிலையத்திலும் பேரங்காடியிலும் அப்படி இடங்கள் வந்துவிட்டன. தோட்டத்து வாசலில் வரவில்லை. அது வரும் வரைக்கும் என்னைப் போன்ற கடைக்காரர்களும் கோயில் பூசாரிகளும் பாலர் பள்ளி ஆசிரியைகளும்தான் அந்த வேலையைச் சும்மா செய்துகொண்டிருக்கிறோம். செய்ய மனமில்லாமல் சொல்லவில்லை. எங்கள் ஊர்ச் சனங்களுக்குச் செய்கிறோம். உங்கள் பக்கத்து வேலையை நீங்கள் முடித்து அனுப்பினால் எங்களால் மீதியைப் பார்த்துக்கொள்ள முடியும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஆர்டர் எடுத்ததும் முகவரியை வாட்ஸ்அப்பிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். அடையாள அட்டைப் பெயர், லயத்தில் கூப்பிடும் பெயர், லயன், கதவு, தோட்டம் அல்லது கம்பம், பக்கத்து அடையாளம், போஸ்கோடு, ஊர், மாநிலம், எடுக்கக்கூடிய இரண்டு போன் நம்பர் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வயதானவர்களாக இருந்தால் அவர்கள் பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். லேபில் அடித்தபின், ஒட்டுவதற்கு முன் அதைப் படம் எடுத்து வாங்கியவருக்கு அனுப்பி, சரிதானா என்று கேளுங்கள். அந்த அம்மாவுக்கு அந்தப் படம் மட்டும் வந்திருந்தால் ‘பகாங்’ என்ற சொல்லை அவரே பார்த்திருப்பார். அதே முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பைக்குள்ளும் போட்டுவிடுங்கள். மழையில் லேபில் கிழிந்தாலும், வெயிலில் அச்சு மங்கினாலும் பிரித்துப் பார்க்கிறவருக்கு உதவும். கூரியர் கையில் கொடுத்த பிறகு டிராக்கிங் நம்பரை அனுப்புங்கள். வரவில்லை என்று யாராவது சொன்னால் அன்றைக்கே நீங்களே கூரியர் நிறுவனத்தைக் கேளுங்கள், உங்கள் பெயரில் புகார் பதிந்து அந்த எண்ணை வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். தவறு லேபிலில் இருந்தால் இரண்டாவது தபால் கட்டணத்தை அவர் தலையில் கட்டாதீர்கள்.

எங்கள் பக்கம் யாருக்கு அனுப்புவதிலாவது சந்தேகம் வந்தால் வாங்கியவரின் சம்மதத்தோடு பக்கத்துக் கடைப் பெயரைக் குறிப்பில் போடுங்கள். கம்போங் குவாந்தான் சாலையில் எங்கள் எல்லாரையும் கூரியர் தம்பிகளுக்குத் தெரியும். இரவு கடை சாத்தும் வரைக்கும் வைத்திருப்போம், வராதவருக்கு ஆள் விட்டுச் சொல்லுவோம். உங்கள் அடுத்த லைவில் முதல் சேலையை விரித்துக் காட்டுவதற்கு முன்னால், தோட்டங்களிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் போஸ்கோடோடு முழு முகவரியை அனுப்புங்கள், லேபிலைக் காட்டிய பிறகுதான் பார்சல் போகும் என்று ஒரு தடவை அறிவியுங்கள். அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
கம்போங் குவாந்தான் மளிகைக் கடைக்காரர் ஒருவர்